கறுத்தால் தங்கம்

"கறுத்திருச்சு."

பெனடிக்ட் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு 'ஆமாம், அவர்தான்' என்று அடையாளம் சொல்கிறவரின் குரல் அதில் இருந்தது.

திங்கட்கிழமை. காலை ஆறரை மணி. மன்னார்புரத்து வீட்டின் படுக்கையறை. திறந்து கிடக்கும் பீரோ. அவருடைய உள்ளங்கையில் ஒரு நெக்லஸ். நேற்று மத்தியானம் வரை அது பௌர்ணமி. இப்போது கிரகணம்.

"என்னங்க கறுத்துச்சு?" சமையலறையிலிருந்து லிசியின் குரல்.

"ஒண்ணுமில்ல. நீ வராதே."

வராதே என்றால் வந்து நிற்பது இருபத்தைந்து வருடப் பழக்கம். வந்தாள். பார்த்தாள்.

"அச்சச்சோ!" என்றாள்.

நகை கறுத்தது பெரிய விஷயமில்லை. கறுக்காது என்று பெனடிக்ட் பேசி வைத்திருந்ததுதான் விஷயம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கல்யாண வெள்ளி விழா. காலையில் கோயிலில் நன்றிப் பூசை, மத்தியானம் வீட்டில் பிரியாணி. ஒரு வருடமாக லிசி நகைக்கடைக் காலண்டரைப் படுக்கைக்கு எதிர்ச்சுவரில் மாட்டி, மாதா மாதம் தாளைக் கிழிக்கும்போது பெருமூச்சும் விட்டுப் பார்த்தாள். கைலாசபுரம் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியான பெனடிக்ட், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். பெருமூச்சை மட்டும் அவருடைய கருவிகள் அளப்பதில்லை.

நேற்று ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே மல்லிகை மொட்டுகளைக் கோத்ததுபோல ஒரு வெள்ளி நெக்லஸ். நடுவில் மூன்று முத்து.

"வெள்ளியா?" என்றாள் லிசி.

"வெள்ளி விழாவுக்கு வெள்ளிதானே போடணும்? தங்கம் போட இது என்ன பொன்விழாவா? அதுக்கு இன்னும் இருபத்தஞ்சு வருஷம் இருக்கு. அப்பப் பார்த்துக்கலாம்."

லிசி காலண்டரைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்துக்கு எத்தனை தாள் என்று கணக்குப் போட்டிருக்கலாம்.

"அதுவும் இது சாதா வெள்ளி இல்ல. ஸ்டெர்லிங்! சுத்த வெள்ளியில நகை செஞ்சா, அழுத்திப் புடிச்சாலே வளைஞ்சிடும். அதனால நூத்துக்குத் தொண்ணூத்திரண்டரை வெள்ளி, ஏழரை செம்பு. இங்கிலாந்துக்காரன் எண்ணூறு வருஷத்துக்கு முந்தியே நாணயத்துக்கு வச்ச கணக்கு. பின்னாடி பாரு, 925னு முத்திரை. பாரிஸ்ல பொம்பளைங்க தங்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல, தெரியுமா?"

பெனடிக்ட் நேரில் பார்த்த ஒரே பாரிஸ், சென்னையில் இருக்கும் பாரிஸ் கார்னர். அங்கே பெண்கள் எதைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று அவர் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து தோஹாவிலிருந்து லிசியின் தம்பி ஜோஸ் வீடியோ காலில் வந்தான்.

"என்ன மச்சான், அக்காவுக்கு வெள்ளியா? வெள்ளி கறுக்கும் மச்சான்."

"உன் ஊர்ல கறுக்கும். இது ஸ்டெர்லிங் ஜோஸு. எழுதி வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமைக்குள்ள இது கறுத்துச்சுன்னா, இதே எடைக்குத் தங்கத்துல வாங்கி உங்க அக்கா கழுத்துல போடறேன். போதுமா?"

சொன்னதோடு விட்டாரா? எந்தச் சான்றிதழும் பதிவில் இருக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். அதையே வாய்ஸ் மெசேஜாகப் பேசிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். நாற்பத்து மூன்று பேர் கேட்டார்கள். பதினெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். லிசி மட்டும் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

நெக்லஸ் இருபத்து நான்கு கிராம். மூன்று பவுன். தங்கம் விலையைப் பேப்பரில் பார்ப்பதற்கு முன்பே பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது.

"விடுங்க," என்றாள் லிசி, திங்கட்கிழமைக் காலையில், கறுத்த நெக்லஸைத் தடவியபடி. "நீங்க ஆசையா வாங்கினது. கறுப்பா இருந்தா என்ன? இதையே போட்டுக்கறேன். யாராவது கேட்டா..."

"கேட்டா?"

"ஸ்டெர்லிங்னு சொல்லிக்கறேன்."

இவ்வளவு நல்ல மனைவியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நிம்மதியாகக் காப்பி குடிக்க முடியுமா? பெனடிக்டால் முடியவில்லை.

"யாருக்கும் தெரிய வேணாம். நான் சரிபண்றேன்."

"நான் ஏதாவது சொல்லட்டுமாங்க?"

"நீ ஸ்கூல்ல சொல்லு."

லிசி மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஆனால் அந்த வீட்டில் விஞ்ஞானம் பேசும் உரிமை பெனடிக்டுக்கு மட்டுமே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது.

அவர் பல்பொடி, பேஸ்ட், பழைய பிரஷ் சகிதம் வாஷ்பேசின் முன் நின்றார். இருபது நிமிடம் தேய்த்தார். நெக்லஸ் வெளுத்தது. கூடவே 'ணங்' என்று ஒரு சத்தம். மூன்று முத்தில் ஒன்று குழாய் வழியாகக் காவிரியைப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

டப்பாவில் வைத்து, பீரோவில் பூட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை. திறந்தார்.

திங்கட்கிழமை இருந்தது, கறுத்த நெக்லஸ். செவ்வாய்க்கிழமை இருந்தது, கறுத்து முத்தும் போன நெக்லஸ். முன்னேற்றம்தான்.

அரைநாள் லீவு. காவிரிப் பாலத்தில் பைக் பறந்தது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைத் தாண்டி ஒரு சந்து. கலையரசனின் வெள்ளிக் கடை. கொலுசு வாங்க வந்த கும்பல் கலைந்து ஓடும் அளவுக்குச் சத்தம் போட்டார் பெனடிக்ட்.

"ஸ்டெர்லிங்னு சொல்லித் தகரத்தை வித்திருக்கீங்க!"

கலையரசன் கோபப்படவில்லை. வெள்ளிக் கடைக்காரருக்குக் கறுப்பைப் பார்த்துப் பயமில்லை. நெக்லஸை மெஷினில் வைத்தார். திரையைத் திருப்பிக் காட்டினார்.

"படிங்க சார்."

"தொண்ணூத்திரண்டு புள்ளி அஞ்சு."

"பாக்கி?"

"ஏழரை."

"ஏழரை யாரை சார் சும்மா விட்டுச்சு?"

பெனடிக்ட் கொஞ்சம் இறங்கினார். "அப்ப எதனால கறுக்குது?"

"கந்தகம் சார். அது எங்க இருக்கோ அங்க வெள்ளி கறுக்கும். வேர்வை, சென்ட்டு, ரப்பர் பேண்டு, வெங்காயம், முட்டை, சாக்கடைக் காத்து... சந்தேகப்பட ஆரம்பிச்சா ஊரையே சந்தேகப்படலாம். அதான் சொல்றேன், மேல ரோடியம் முலாம் பூசிக் குடுத்திடறேன். கறுக்கவே கறுக்காது."

"முலாமா!" பெனடிக்ட் எழுந்தே விட்டார். "எண்ணூறு வருஷ ஸ்டெர்லிங்குக்கு மேல முலாமா? என்ன பேசறீங்க?"

அந்த வாரம் முழுவதிலும் அவருக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை, நான்கு விநாடி உயிரோடு இருந்தது.

கலையரசன் தோளைக் குலுக்கிவிட்டுப் பாலிஷ் போட்டு, புது முத்தும் வைத்துக் கொடுத்தார். "காத்துப் புகாத டப்பாவுல வைங்க சார்."

அன்று சாயங்காலமே மன்னார்புரத்து வீட்டில் அவசரநிலைப் பிரகடனம். சென்ட் பாட்டில் பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. ரப்பர் பேண்டுகள் குப்பைக்குப் போயின. ஞாயிறு வரை வீட்டுக்குள் வெங்காயம் கூடாது. பிரியாணி வெங்காயத்தைச் சமையல்காரர் தன் வீட்டிலேயே நறுக்கி, வதக்கி எடுத்து வர வேண்டும்.

வெங்காயம் இல்லாத சாம்பாரைத் தட்டில் பார்த்த மகள் ஆஷ்லி கேட்டாள்: "ஏம்பா, நெக்லஸ் விரதம் இருக்கா?"

"பேசாம சாப்பிடு." அவர் கண் லிசியின் தட்டில் நின்றது. அங்கே இரண்டு அவித்த முட்டை. "லிசி! முட்டையும் லிஸ்ட்ல இருக்கு."

"டாக்டர் சொன்னாருங்க. கொலஸ்ட்ரால் ஏறியிருக்காம். வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடணுமாம்."

"மஞ்சக்கரு?"

"அதை ஏன் வீணாக்கணும்? நம்ம வீரம்மா வீட்டு நாய்க்குக் குடுத்திடறேன்."

வீரம்மாள் தினமும் காலையில் வந்து வேலை செய்துவிட்டுப் போகிறவள். பெனடிக்ட் யோசித்தார். வெள்ளைக்கரு மனைவியின் வயிற்றுக்குள். மஞ்சள்கரு நாயின் வயிற்றுக்குள். நெக்லஸுக்கு ஆபத்தில்லை. மனசுக்குள் 'முட்டை' என்ற வரிக்கு எதிரே ஒரு டிக் போட்டார். ஆய்வு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மூடினால் 'டப்' என்று சத்தம் கேட்கும் காற்றுப் புகாத டப்பா ஒன்றை வாங்கி வந்திருந்தார். நெக்லஸை வைத்தார். 'டப்.' லிசியிடம் கொடுத்தார். அவள் பத்திரமாகப் பீரோவில் வைத்தாள்.

புதன்கிழமை காலை.

காற்றுப் புகாத டப்பாவில் காற்று புகவில்லை. ஆனால் கறுப்பு புகுந்திருந்தது. அதுவும் முந்தைய இரண்டு நாள் கறுப்பெல்லாம் ஒத்திகை என்று சொல்லும்படியாக, சந்து பொந்து விடாமல், ஒரு வேலைப்பாட்டோடு கறுத்திருந்தது.

லிசி அவர் தோளில் கை வைத்தாள். "மனசைத் தளர விடாதீங்க. ஜோஸ் சனிக்கிழமைதானே வரான்."

ஆறுதல் சொல்வதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

அந்த நேரம் ஊக்கு தேடி வந்த ஆஷ்லி, வாசற்படியிலேயே நின்று துப்பட்டாவால் மூக்கை மூடினாள்.

"ஐயே! என்னப்பா உங்க ரூம்ல இப்படி நாறுது?"

"நாறுதா?"

கொரோனாவில் போன பெனடிக்டின் மூக்கு இன்னும் டூட்டிக்குத் திரும்பவில்லை. காப்பிக்கும் கஷாயத்துக்கும் அவருக்கு நிறம்தான் வித்தியாசம்.

"லிசி, உனக்கு நாத்தம் தெரியுதா?"

லிசி நிதானமாக மூச்சை இழுத்தாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். கடைசியில் பாத்ரூம் கதவைப் பார்த்தாள்.

"லேசா... சாக்கடை மாதிரி."

பெனடிக்டின் மூளையில் நூறு வாட்ஸ் பல்பு எரிந்தது. சாக்கடைக் காற்று! கலையரசன் லிஸ்டில் கடைசி ஐட்டம்! படுக்கையறையை ஒட்டிய பாத்ரூம். அடியில் குழாய். குழாயில் வாயு. வாயுவில் கந்தகம். குற்றவாளி காலடியிலேயே படுத்திருக்கிறான்!

ஒன்பது மணிக்குப் பிளம்பர் அமிர்தராஜ் வந்தார். மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். முகர்ந்தார்.

"சார், இது நல்லாத்தான் இருக்கு. இங்க ஒரு நாத்தமும் இல்ல."

"உங்களுக்குத் தெரியாது. தோண்டுங்க."

"சார், ஞாயித்துக்கிழமை வீட்ல விசேஷம்னு சொன்னீங்க. இப்பப் போய் டைல்ஸை உடைச்சா..."

"இருபத்தெட்டு வருஷமா லீக் கண்டுபிடிக்கிறது என் வேலை. தோண்டுங்கறேன்ல?"

தோண்டினார். பதினோரு மணிக்கு நான்கு டைல்ஸ். பன்னிரண்டு மணிக்குப் பதினாறு டைல்ஸ். ஒரு மணிக்கு, அதுவரை எந்த லீக்கும் இல்லாத அந்த வீட்டில், கடப்பாரை நல்ல தண்ணிக் குழாயில் இறங்கி, பெனடிக்ட் தேடிய லீக் ஒருவழியாகக் கிடைத்தது. நீரூற்று கூரையைத் தொட்டது.

"கண்டுபிடிச்சிட்டோம் சார்," என்றார் அமிர்தராஜ், நனைந்தபடி.

வியாழக்கிழமை காலை நெக்லஸ் வழக்கம்போல் கறுப்பு. பாத்ரூம் பள்ளம். வீட்டில் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டுக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. வாட்ஸ்அப் குழுவில் ஜோஸ் அந்த வாய்ஸ் மெசேஜை மறுபடியும் தூக்கிப் போட்டு, கீழே 'இன்னும் மூணே நாள்' என்று எழுதியிருந்தான்.

சாயங்காலம் மறுபடியும் ஸ்ரீரங்கம். மறுபடியும் பாலிஷ்.

"சார், பேசாம மாசப் பாஸ் எடுத்துக்கங்க," என்றார் கலையரசன். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வீட்ல இதை எடுத்து வைக்கிறது யாரு?"

"என் மனைவி. ஏன்?"

கலையரசன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முப்பது வருட வியாபார அனுபவம் அந்த வாயை மூடியது. "சும்மாதான் சார்."

பெனடிக்டுக்கு அன்றைக்குப் புது யோசனை. நெக்லஸைக் கடையிலிருந்து வாங்கியவர் சட்டைப்பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. பையோடு சட்டையைப் போட்டுக்கொண்டே தூங்கினார். வெள்ளிக்கிழமை அப்படியே தொழிற்சாலைக்குப் போனார். பத்து மணிக்குப் பார்த்தார்: வெள்ளை. மத்தியானச் சாப்பாட்டுக்கு: வெள்ளை. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்போதும் வெள்ளை வெளேர்!

நிரூபணம்! நகையில் குற்றமில்லை. வீட்டுக் காற்றில்தான் குற்றம். தீர்வு சுலபம். ஞாயிறு காலை வரை இது ஆபீஸ் லாக்கரில் இருக்கட்டும்.

வீட்டில் வந்து சொன்னார். லிசியின் கண்ணில் பொலபொலவென்று நீர்.

"எனக்குன்னு வாங்கிட்டு வந்த நகையை ஆபீஸ்ல பூட்டி வைப்பீங்களா? ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை, காலையில எழுந்ததும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கறேன். அந்தச் சந்தோஷம்கூட எனக்கு இருக்கக் கூடாதா?"

"அழாதே லிசி, அழாதே." பெனடிக்ட் சட்டைப்பையிலிருந்து நெக்லஸை எடுத்தார். இருபத்தைந்து வருடத்தில் அவர் வாங்கிக் கொடுத்த எந்தப் பொருள்மேலும் அவளுக்கு இவ்வளவு பாசம் வந்ததில்லை. மிக்ஸி வாங்கியபோதுகூட. "இந்தா. நீயே வச்சுக்கோ."

லிசி கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று அதைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"உண்மையைச் சொன்னா, அழகாத்தாங்க இருக்கு," என்றாள். அந்தக் குரலில் பொய்யே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம். தோஹா ஜோஸ் இரண்டு பெட்டியோடும், சொந்தக்காரர்கள் பதினொரு பேரோடும் ஹாலில் உட்கார்ந்திருந்தான். பாத்ரூம் எங்கே என்று கேட்டவர்களுக்கு ஆஷ்லி பள்ளத்தைக் காட்டி, எதிர்வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க மச்சான், நம்ம ஸ்டெர்லிங்?"

பெனடிக்ட் சிரித்தார். காலையில் தண்ணீர் சுமந்ததில் டப்பாவைத் திறந்து பார்க்க மறந்திருந்தார். நேற்று கண்ணாடியில் பார்த்த வெள்ளைதான் இன்னும் அவர் கண்ணில் இருந்தது. டப்பாவை வாங்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேல் தூக்கி, 'டப்' என்று திறந்தார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள்.

"கரி மாதிரி இருக்கே மச்சான்," என்றான் ஜோஸ். செல்போனை எடுத்தான். ஹால் முழுக்கப் பெனடிக்டின் கம்பீரமான குரல் ஒலித்தது: "...இதே எடைக்குத் தங்கத்துல வாங்கி..."

"வேணாம் ஜோஸு, விடுடா," என்றாள் லிசி. "அவரைக் கஷ்டப்படுத்தாதே. நான் இதையே போட்டுக்கறேன்."

பதினொரு பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிறகு பெனடிக்டைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பரிதாபம் இல்லை.

ஐந்து மணிக்குப் பெரிய கடைவீதியில் ஒரு நகைக்கடை. பொன்விழாவுக்கு என்று மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்த பிக்சட் டெபாசிட், இருபத்தைந்து வருடம் முன்னதாகவே கண்ணை மூடியது.

ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை அருமையாக நடந்தது. லிசியின் கழுத்தில் மூன்று பவுன் மின்னியது. அதற்குக் கீழே, இன்னொன்றும் மின்னியது. மல்லிகை மொட்டு, மூன்று முத்து, வெள்ளை வெளேர்.

பெனடிக்ட் நடுப்பூசையில் கிசுகிசுத்தார். "இது எப்படி வெளுத்துச்சு?"

"அலுமினியத் தாள், சமையல் சோடா, கொதிக்கிற தண்ணி. அஞ்சு நிமிஷம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பிளஸ் டூ சிலபஸ்ல இருக்குங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"ஸ்கூல்ல சொல்லச் சொன்னீங்களே."

வீட்டுக்கு வந்து, பந்தி போட்டு, பந்தி எடுத்து, மூன்று மணிக்கும் அந்த நெக்லஸ் வெள்ளையாகவே இருந்தது. பெனடிக்ட் ஐந்து தடவை வந்து பார்த்துவிட்டார்.

"இன்னிக்கு மட்டும் ஏன் கறுக்கல?"

"நீங்கதான் சாக்கடையைச் சரிபண்ணிட்டீங்களே," என்றாள் லிசி. அவருக்குப் பெருமையாக இருந்தது. எப்படியோ, கடைசியில் அவருடைய கணிப்புதான் சரி. போனது மூன்று பவுன்தான். விஞ்ஞானம் ஜெயித்துவிட்டது.

அந்த உற்சாகத்தில் மிச்சம் விழுந்த மட்டன் எலும்பையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டினார். பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த வீரம்மாளிடம் நீட்டினார்.

"இந்தா வீரம்மா, உங்க வீட்டு நாய்க்குப் போடு. பாவம், ஒரு வாரமா மஞ்சக்கருவையே தின்னு அலுத்துப் போயிருக்கும்."

வீரம்மாள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாயா? எங்க வீட்ல ஏதுங்க சார் நாய்? அந்த மஞ்சக்கருவைத்தான் அம்மா தினம் ஒரு கிண்ணத்துல போட்டு, நகையோட சேர்த்து டப்பாவுல வச்சு மூடிடுவாங்களே. காலையில நீங்க எழுந்திருக்கறதுக்கு முந்தி அம்மா டப்பாவுலேர்ந்து எடுத்துக் குடுக்கிற அந்தக் கிண்ணத்தைக் கழுவினதே நான்தான். வெள்ளி விழாவுக்கு உங்க கோயில்ல அப்படி ஒரு வேண்டுதல் போலன்னுல்ல நெனச்சேன்!"